கோடியில் போகிறதா, மதகில் போகிறதா?

வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து ஜிப்ரால்டர் நீரிணை வழியாக மத்தியதரைக் கடலுக்குள் எந்நேரமும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது என்று எழுதியிருந்தேன். அது பாதிதான். மீதிப் பாதியை நான் எழுதாமல் விட்டதைக் கவனித்து குடியாத்தம், வாலாஜா, ஆம்பூர், ஆரணி என்று நம் பக்கத்து ஊர்களிலிருந்தே கடிதம் போட்டிருக்கிறீர்கள். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி மூன்று மணி நேரம் போக வேண்டிய ஊர்க்காரர்கள் நாம். கடலைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகக் கேள்வி வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். நீரிணை என்பது வேறொன்றுமில்லை, நம் பெரியவர்கள் ஜலசந்தி என்று படித்தார்களே அதுதான், இரண்டு கடல்களைச் சேர்க்கும் குறுகலான வழி.

கேள்வி: எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "டீச்சர், தண்ணி உள்ள வந்துகிட்டே இருந்தா மத்தியதரைக் கடல் ரொம்பி வழியாதா?" என்று கேட்டான். வெயிலில் ஆவியாகிவிடும் என்று சொல்லி வைத்தேன். அது போதுமா?
- ஓர் ஆசிரியை, குடியாத்தம்

பதில்: போதாது டீச்சர். ஆனால் நீங்கள் பிடித்த நுனி சரியானது. மத்தியதரைக் கடலில் மழை பெய்கிறது, நைல், ரோன், போ என்று ஆறுகள் விழுகின்றன, அவ்வளவும் சேர்த்தாலும் வெயிலும் காற்றும் எடுத்துக்கொண்டு போகிற தண்ணீருக்கு ஈடாகாது. அந்தக் குறையைக் கடல் முழுக்கப் பரப்பிப் பார்த்தால் ஆண்டுக்கு அரை மீட்டருக்கு மேல் வரும். ஜிப்ரால்டரை அடைத்துவிட்டால் ஒவ்வொரு வருஷமும் கடல் மட்டம் அந்த அளவுக்கு இறங்கும் என்று பையனிடம் சொல்லுங்கள், அவனுக்குப் பிடிக்கும்.

இப்போது அவனையே திருப்பி ஒரு கேள்வி கேளுங்கள். தண்ணீர் ஆவியாகிறது சரி, உப்பு ஆவியாகுமா? ஆகாது. அட்லாண்டிக்கிலிருந்து வருகிற ஒவ்வொரு கிலோ தண்ணீரும் சுமார் 36 கிராம் உப்போடு வருகிறது. தண்ணீர் மட்டும் மேலே போய் உப்பு மட்டும் தங்கினால் இத்தனை லட்சம் ஆண்டுகளில் அந்தக் கடல் மரக்காணம் உப்பளம் மாதிரி ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அங்கே ஒரு கிலோவுக்கு சுமார் 38 கிராம்தான் இருக்கிறது. அப்படியானால் உப்பு எங்கேயோ வெளியே போகிறது.

அது அதே ஜிப்ரால்டர் வழியாகத்தான் போகிறது. மேலே அல்ல, அடியில். உப்பு கூடிய தண்ணீர் கனமானது, அது கீழே இறங்கி, நீரிணையின் தரையை ஒட்டி, மேலே வருகிற தண்ணீருக்கு நேர் எதிர்த்திசையில் அட்லாண்டிக்குக்குப் போகிறது. 14 கிலோமீட்டர் அகலமுள்ள அந்த வழியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஆறுகள் எதிரும் புதிருமாக ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேல் ஓட்டம் மட்டும் விநாடிக்கு ஏறத்தாழ 8 லட்சம் கன மீட்டர். கோடையில் நம் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரி ஒன்றில் 10,000 லிட்டர் என்று வைத்தால், விநாடிக்கு 80,000 லாரி.

எவ்வளவு வெளியே போகிறது என்பதைப் பிள்ளைகளே கணக்குப் போடலாம். உள்ளே 100 லாரி வருகிறது, ஒவ்வொன்றிலும் 36 பங்கு உப்பு, மொத்தம் 3,600. வெளியே போகிற லாரியில் 38 பங்கு. உள்ளே வந்த உப்பு முழுவதும் வெளியே போக வேண்டுமென்றால் 3,600-ஐ 38-ஆல் வகுக்க வேண்டும், ஏறத்தாழ 95 லாரி வரும். ஆக, 100 வருகிறது, 95 திரும்பிப் போகிறது, மிச்சம் ஐந்துதான் உங்கள் பையன் கேட்ட கேள்விக்கு நீங்கள் சொன்ன ஆவி. டென்மார்க்கின் மார்ட்டின் க்னூட்சன் 1900-இல் பால்டிக் கடலுக்குப் போட்ட கணக்கும் இதே முறைதான். தண்ணீரும் உப்பும் இரண்டுமே கணக்கில் சரிக்கட்ட வேண்டும், அவ்வளவுதான். கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: கடலிலும் சத்து இருக்கிறது, அது கடலுக்குக் கடல் போகிறது என்று எழுதுகிறீர்கள். வயலுக்கு நாங்கள் யூரியா போடுகிறோம், டி.ஏ.பி. போடுகிறோம். கடலுக்கு யார் போடுகிறார்கள்?
- காவேரிப்பாக்கம் ஏரிப் பாசன விவசாயி ஒருவர்

பதில்: ஐயா, உங்கள் கேள்வியைப் படித்ததும் இந்த முழுப் பக்கத்துக்கும் எனக்கு வழி கிடைத்துவிட்டது. நீங்கள் ஏரிக்காரர் என்பதால் உங்களுக்கு இது மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும்.

சத்து அதே சத்துதான். நைட்ரேட், பாஸ்பேட், கொஞ்சம் சிலிக்கா, கொஞ்சம் இரும்பு. கடலில் இதைச் சாப்பிடுவது கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. நுண்பாசியைச் சின்ன உயிர்கள் தின்ன, அவற்றை மத்தி தின்ன, மத்தியை வஞ்சிரம் தின்ன, கடைசியில் நம் ஊர் மார்க்கெட்டுக்கு வருகிறது. ஆறுகள் கொண்டுவருவது, காற்றில் வருகிற புழுதி, மழை என்று வெளியிலிருந்து வரும் சத்து ஒரு பங்குதான். பெரும் பங்கு கடல் தானே போட்டுக்கொள்ளும் உரம். செத்ததும் கழிந்ததும் மெல்ல மெல்லக் கீழே இறங்குகின்றன, அடியில் மக்குகின்றன, சத்து அங்கே கரைகிறது. ஆனால் அங்கே வெளிச்சம் கிடையாது. மேலே வெளிச்சம் இருக்கிறது, சத்து தின்று தீர்ந்துபோயிருக்கிறது. அடியில் சத்து இருக்கிறது, வெளிச்சம் இல்லை. எந்தக் கடலில் அடித்தண்ணீர் மேலே வருகிறதோ அங்கேதான் மீன்.

இப்போது ஏரிக்கு வருவோம். ஏரியிலிருந்து தண்ணீர் இரண்டு விதமாக வெளியே போகும். நிரம்பினால் கோடி போகும், அது மேல்தண்ணீர், தெளிந்தது. மதகைத் திறந்தால் அடித்தண்ணீர் போகும், வண்டலும் கூடவே வரும். முதல் மடை வயலில் வண்டல் படிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீரிணையும் அப்படித்தான். ஒரு கடல் தன் தண்ணீரைக் கோடியில் விடுகிறதா, மதகில் விடுகிறதா என்பதைப் பொறுத்து அது வளமான கடலா வறண்ட கடலா என்பது பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மத்தியதரைக் கடல் மதகு திறந்தே கிடக்கிற ஏரி. அட்லாண்டிக்கின் மேல்தண்ணீரை வாங்குகிறது, அதில் சத்து குறைவு, வெளிச்சத்தில் இருந்த நுண்பாசி ஏற்கெனவே தின்றுவிட்டது. தன் அடித்தண்ணீரைக் கொடுக்கிறது, அதில்தான் மக்கிச் சேர்ந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். வாங்குவது தெளிந்த தண்ணீர், கொடுப்பது உரத் தண்ணீர். இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடந்தால் என்ன ஆகும்? அந்தக் கடல் அவ்வளவு நீலமாக, அவ்வளவு தெளிவாக இருக்கிறதே, சுற்றுலாப் படங்களில் பார்த்து வியக்கிறோமே, அந்த நீலம் சத்தில்லாத நீலம். கிழக்குப் பக்கம், லெபனான், சைப்ரஸ் கரையோரம், உலகத்திலேயே மிகவும் ஏழையான கடல் பகுதிகளில் ஒன்று. பாஸ்பேட்தான் அங்கே முதலில் தீர்ந்துபோகிறது.

அந்த ஏழைக் கடலுக்கு ஒரு இடத்தில் மட்டும் ஆண்டுதோறும் உரம் விழுந்துகொண்டிருந்தது, நைல் நதியின் முகத்துவாரத்தில். வெள்ளம் வந்ததும் நுண்பாசி பெருகும், மத்தி கூட்டம் கூட்டமாக வரும், எகிப்து மீனவர்கள் அதை நம்பித்தான் இருந்தார்கள். 1960-களில் அஸ்வான் உயர் அணையில் தண்ணீர் தேக்கத் தொடங்கியதும் வெள்ளம் நின்றது, சில ஆண்டுகளுக்குள் மத்தி பிடிப்பு அடியோடு விழுந்துவிட்டது. அணை கட்டியது தவறு என்று நான் சொல்லவில்லை, எகிப்துக்கு அந்தத் தண்ணீரும் மின்சாரமும் தேவைதான். ஆனால் ஆற்றுத் தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்று நாம் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தையை மத்தி பிடிக்கிறவரிடம் சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: மேலே ஒரு பக்கம் ஓட, அடியில் எதிர்ப்பக்கம் ஓடுகிறது என்பதை முதலில் யார் கண்டுபிடித்தார்? வீட்டிலேயே பார்க்க முடியுமா?
- கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: தம்பி, எழுத்தில் பதிந்தவர் லூயிஜி மார்சிலி என்ற இத்தாலியர். 1679-இல் இருபத்தொரு வயதில் இஸ்தான்புல்லுக்குப் போனார். கருங்கடலிலிருந்து தெற்கே போகிற பாஸ்பரஸ் நீரிணை ஊரின் நடுவே ஓடுகிறது. மேல் ஓட்டம் வேகமாகத் தெற்கு நோக்கிப் போவதை யாரும் பார்க்கலாம். அடியில் வேறு ஓட்டம் இருப்பது அங்கிருந்த மீனவர்களுக்குத் தெரிந்திருந்தது, வலையை ஆழத்தில் இறக்கினால் அது எதிர்ப்பக்கம் இழுபடும். அந்த மீனவர்கள் சொன்னதை மார்சிலி கேட்டார், நம்பினார், அதோடு நிற்காமல் வெள்ளை பூசிய தக்கைகளைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார். மேல் தக்கைகள் ஒரு பக்கம் சாய்ந்தன, ஆழம் போகப் போக எதிர்ப்பக்கம் வளைந்தன.

அப்புறம்தான் அவர் செய்த பெரிய காரியம். ஒரு தொட்டியின் நடுவில் தடுப்பு வைத்து, ஒரு பக்கம் உப்பு கூடிய தண்ணீர், மறுபக்கம் உப்பு குறைந்த தண்ணீர் ஊற்றி, தடுப்பில் மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை போட்டார். கீழ்த்துளை வழியாகக் கனமான தண்ணீர் இப்பக்கம் வர, மேல்துளை வழியாக இலேசான தண்ணீர் அப்பக்கம் போனது. 1681-இல் இதைப் புத்தகமாகவே அச்சிட்டார்.

வீட்டில் பார்க்க, ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடி பாட்டில் போதும், ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தால் நல்லது. ஒன்றில் நான்கு ஐந்து ஸ்பூன் உப்பைக் கரைத்து, கேசரிப் பொடி ஒரு சிட்டிகை போட்டுச் சிவப்பாக்குங்கள். மற்றதில் வெறும் தண்ணீர். இரண்டையும் விளிம்பு வரை தளும்ப நிரப்புங்கள். வெறும் தண்ணீர் பாட்டிலின் வாயை ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையால் மூடி, கவிழ்த்து, உப்புத் தண்ணீர் பாட்டிலின் மேல் வாயோடு வாய் பொருத்தி வைத்து, அட்டையை மெதுவாக உருவுங்கள். ஒன்றும் நடக்காது, சிவப்பு கீழேயே நிற்கும். இப்போது இரண்டையும் சேர்த்துப் பிடித்தபடி பக்கவாட்டில் படுக்கவையுங்கள். சிவப்புத் தண்ணீர் அடியோடு அடியாக நழுவி எதிர்ப் பாட்டிலுக்குள் போகும், வெறும் தண்ணீர் அதன் முதுகின்மேல் இந்தப் பக்கம் வரும். பாட்டில் இரண்டும் இரண்டு கடல், வாய் இரண்டும் சேர்ந்த இடம் நீரிணை. வாளியை அடியில் வைத்துக்கொள்ளுங்கள், சிந்தும்.

கேள்வி: கருங்கடலின் அடியில் விஷம் இருக்கிறது, எந்த உயிரும் வாழாது என்று படித்தேன். உண்மையா?
- ஆம்பூர் வாசகர்

பதில்: உண்மை. மேலே 150 மீட்டர் சுமாருக்கு மட்டும்தான் பிராணவாயு. அதற்குக் கீழே, 2,200 மீட்டர் ஆழம் வரை, பிராணவாயு இல்லாமல் வாழும் நுண்ணுயிர்களைத் தவிர ஒன்றுமில்லை. அங்கே கரைந்திருப்பது ஹைட்ரஜன் சல்பைடு, அழுகின முட்டை நாற்றம் அடிக்குமே அந்த வாயு. தோல் பதனிடுகிற ஊர்ப்பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்த நாற்றத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இதற்கும் காரணம் நீரிணைதான். கருங்கடல் மத்தியதரைக் கடலுக்கு நேர் தலைகீழ். டான்யூப், நீப்பர் என்று பெரிய ஆறுகள் விழுவதால் அங்கே ஆவியாவதைவிட வருவது அதிகம். மிஞ்சின இலேசான மேல்தண்ணீர் பாஸ்பரஸ் வழியாக வெளியே வழிகிறது. அதாவது இந்த ஏரி கோடி போகிற ஏரி. அடியில் மத்தியதரைக் கடலின் உப்புத் தண்ணீர் உள்ளே வருகிறது. குடியாத்தம் டீச்சருக்குச் சொன்ன கணக்கை இங்கேயும் போடுங்கள், வெளியே போவதில் கிலோவுக்கு 18 கிராம் உப்பு, உள்ளே வருவதில் சுமார் இரண்டு மடங்கு, ஆக ஒரு லாரி உள்ளே வந்தால் இரண்டு லாரி வெளியே போகிறது.

மேலே இலேசான தண்ணீர், கீழே கனமான தண்ணீர். இலேசானது மூடி போட்ட மாதிரி மேலேயே கிடக்கிறது. குளிர்காலக் காற்று எவ்வளவு அடித்தாலும் இரண்டும் புரள்வதில்லை. பாஸ்பரஸின் தரையும் உயரமான வாசற்படி மாதிரி, சில இடங்களில் 35 மீட்டர் ஆழம்தான், அதைத் தாண்டி வருகிற கொஞ்சத் தண்ணீரில் எவ்வளவு பிராணவாயு வந்துவிடும்? ஆறுகள் கொண்டுவரும் சத்தில் நுண்பாசி செழிக்கிறது, செத்து இறங்குகிறது, மக்கும்போது அடியில் இருந்த பிராணவாயுவைத் தின்று தீர்க்கிறது, புதிதாக வருவதற்கு வழியில்லை. வெளியே போவதோ மேல்தண்ணீர், ஆகவே சத்தும் உள்ளேயே தங்குகிறது. மத்தியதரைக் கடல் கொடுத்துக் கொடுத்து ஏழையானது என்றால், கருங்கடல் சேர்த்துச் சேர்த்து மூச்சு முட்டுகிறது.

அந்த இருட்டில் ஒரு நன்மையும் இருக்கிறது. மரத்தை அரிக்கும் புழு அங்கே வாழாது. 2018-இல் பல்கேரியக் கரைக்கு அப்பால் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், 2,400 ஆண்டுகளுக்கு முந்தைய கிரேக்க வணிகக் கப்பல் ஒன்று பாய்மரத்தோடு அப்படியே கிடப்பதை அறிவித்தார்கள். அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

மேல் அடுக்கில் மனிதன் செய்ததையும் சொல்ல வேண்டும். 1970, 80-களில் டான்யூப் கரையோர நாடுகள் வயலுக்குக் கொட்டிய உரத்தில் பெரும் பங்கு ஆற்றோடு வந்து, கடலின் வடமேற்கு ஓரத்தில் ஆழமில்லாத பகுதியிலும் பிராணவாயுவைத் தீர்த்தது, தரையில் வாழும் சிப்பியும் மீனும் ஏராளமாகச் செத்தன. 1990-களில் அந்த நாடுகளின் பொருளாதாரம் சரிந்து உரம் வாங்கக் காசில்லாமல் போனதும் கடல் கொஞ்சம் தேறியது. பாஸ்பரஸுக்குத் தெற்கே இருக்கிற சின்னக் கடலான மர்மராவின் கதையும் இப்படித்தான். அங்கே மேல் அடுக்கு 25 மீட்டர் சுமார்தான், அது கருங்கடல் தண்ணீர், கீழே மத்தியதரைத் தண்ணீர். இஸ்தான்புல்லின் கழிவுநீரில் ஒரு பகுதியைக் குழாய் வழியாகக் கீழ் அடுக்கில் விடுகிறார்கள், அது வடக்கே கருங்கடலின் ஆழத்துக்குப் போய்விடும் என்ற கணக்கில். ஆனால் இரண்டு ஓட்டங்களும் உரசிக்கொண்டு போகும்போது கீழ்த்தண்ணீரில் கொஞ்சம் மேலே கலந்து மர்மராவுக்கே திரும்புகிறது. 2021-இல் மர்மரா முழுக்கக் கஞ்சி ஆடை மாதிரி வழவழப்பான ஒரு படலம் படர்ந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். சத்து மிதமிஞ்சிப் போனதும், தண்ணீர் சூடாகி அசையாமல் நின்றதும் சேர்ந்து செய்த வேலை அது.

கேள்வி: இரண்டு கடல்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றும் கலக்கவே கலக்காது என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறது. நடுவில் கோடு கிழித்த மாதிரி தெரிகிறது. நம்பலாமா?
- சத்துவாச்சாரி வாசகி

பதில்: கோடு உண்மை, கலக்காது என்பது பொய். பரவலாகச் சுற்றும் படம் அலாஸ்கா வளைகுடாவில் எடுத்தது. பனியாறுகள் அரைத்துக் கொண்டுவந்த மாவு போன்ற வண்டலோடு ஆற்றுத் தண்ணீர் கடல் தண்ணீரைச் சந்திக்கிற இடம். நம் பாலாற்றில் 2021 நவம்பரில் அவ்வளவு வெள்ளம் போனபோது பாலத்தின் மேல் நின்று பார்த்தவர்கள், கிளையாறு சேருமிடத்தில் இரண்டு நிறம் கொஞ்ச தூரம் பக்கம் பக்கமாகப் போவதைக் கவனித்திருப்பீர்கள். கொஞ்ச தூரம்தான். அப்புறம் ஒரே நிறம். அலாஸ்காவில் அந்த வண்டல் தண்ணீர்தான் வெளிக்கடலுக்கு இரும்புச் சத்தைக் கொடுக்கிறது, கலக்காவிட்டால் கொடுக்க முடியாது.

ஜிப்ரால்டரில் வெளியேறும் தண்ணீரும் கலக்கிறது, ஆனால் நிதானமாக. அது அட்லாண்டிக்கின் சரிவில் இறங்கி, ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் தன் கனத்துக்கேற்ற இடம் பார்த்துப் பரவுகிறது. சில சமயம் பல பத்து கிலோமீட்டர் அகலமுள்ள சுழலாகத் திரண்டு, சுற்றியுள்ள தண்ணீரைவிடச் சூடாகவும் உப்பாகவும், ஓரிரு ஆண்டுகள்கூடத் தன் அடையாளம் மாறாமல் அட்லாண்டிக்கில் உலவுகிறது. வீடியோவை அனுப்பினவருக்கு இதை அனுப்புங்கள் அம்மா, கோடு போட்ட படத்தைவிட இது எவ்வளவோ அதிசயம்.

கேள்வி: பத்து வருஷமாக ஜித்தாவில் வேலை. செங்கடலில் ஒரு ஆறுகூட விழுவதில்லை என்கிறார்கள். பிறகு அங்கே மீனும் பவளமும் எப்படி?
- மேல்விஷாரம் வாசகர், விடுமுறையில் ஊரில் இருந்தபோது எழுதியது

பதில்: பாய், சரியான இடத்தில் நின்றுகொண்டு கேட்கிறீர்கள். ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூட அங்கே விழுவதில்லை, மழையும் பெயருக்குத்தான், ஆண்டுக்கு சுமார் இரண்டு மீட்டர் தண்ணீர் ஆவியாகிறது. வடக்கே போகப் போக உப்பு கிலோவுக்கு 40 கிராமைத் தாண்டுகிறது. எல்லாவற்றையும் ஈடுகட்டுவது தெற்கே இருக்கிற பாப் எல் மன்தப் நீரிணை. அகலம் 30 கிலோமீட்டருக்கும் குறைவு, அதற்குக் கொஞ்சம் வடக்கே கடலடியில் 137 மீட்டர் ஆழத்தில் ஒரு வாசற்படி.

குளிர்காலத்தில் அது ஜிப்ரால்டர் மாதிரியே, மேலே ஏடன் வளைகுடாத் தண்ணீர் உள்ளே, அடியில் உப்புத் தண்ணீர் வெளியே. இப்படியே ஆண்டு முழுக்க இருந்தால் செங்கடல் மத்தியதரைக் கடலைவிட ஏழையாகியிருக்கும். கோடையில்தான் மாற்றம். ஜூன் முதல் செப்டம்பர் வரை, நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் அதே மாதங்களில், செங்கடலின் தெற்குப் பாதியில் காற்று வடமேற்கிலிருந்து வீசி மேல்தண்ணீரை வெளியே தள்ளுகிறது. ஏடன் வளைகுடாவிலோ பருவக்காற்று அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த தண்ணீரை மேலே கிளப்புகிறது. அந்தத் தண்ணீர் நடு அடுக்காக நீரிணைக்குள் நுழைகிறது. மேலே வெளியே, நடுவில் உள்ளே, அடியில் கொஞ்சமாக வெளியே. ஒரே வாசலில் மூன்று அடுக்கு. செங்கடலுக்கு வெளியிலிருந்து வருகிற சத்தில் பெரும் பங்கு அந்த மூன்று நான்கு மாதத்தில் நடு அடுக்கு வழியாகத்தான் வருகிறது. அதனால்தான் யேமன், எரித்திரியா பக்கம் தண்ணீர் பச்சையாகவும், வடக்கே அகபா பக்கம் கண்ணாடி மாதிரியும் இருக்கிறது. பவளம் சத்து குறைந்த தெளிந்த தண்ணீரில் வாழத் தெரிந்த உயிர், தன் உடலுக்குள்ளேயே பாசியை வைத்துக்கொண்டு ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிப் பிழைக்கிறது, அதனால் வடக்கும் அதற்குச் சரிப்படுகிறது.

நமக்கு மழை கொண்டுவரும் காற்றுதான் ஜித்தாவுக்குத் தெற்கே இருக்கிற கடலுக்கு உரமும் போடுகிறது என்பது எனக்கு ஒவ்வொரு ஜூன் மாதமும் ஞாபகம் வரும்.

கேள்வி: எல்லா நீரிணையிலும் இரண்டு ஓட்டம் உண்டா?
- ஆரணி வாசகர்

பதில்: இல்லை. ரஷ்யாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவே உள்ள பெரிங் நீரிணையில் பெரும்பாலும் ஒரே திசைதான், பசிபிக்கின் மட்டம் ஆர்க்டிக்கைவிடக் கொஞ்சம் உயரம் என்பதால் சத்து மிகுந்த பசிபிக் தண்ணீர் வடக்கே போய்க்கொண்டிருக்கிறது. பால்டிக் கடலோ வேறு ரகம். டென்மார்க்குப் பக்கத்து நீரிணைகளில் வாசற்படிக்கு மேல் தண்ணீர் ஆழம் 18 மீட்டர், 8 மீட்டர்தான், படி அவ்வளவு மேடு. சாதாரண நாளில் பெரிதாக ஒன்றும் உள்ளே வராது, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை புயல்காற்று சரியான திசையில் நின்று வீசினால் டென்மார்க்குக்கு மேற்கே உள்ள வட கடலின் உப்புத் தண்ணீர் படியேறிக் குதிக்கும். 2014 டிசம்பரில் அப்படி 198 கன கிலோமீட்டர் தண்ணீர், 400 கோடி டன் உப்போடு உள்ளே வந்தது. அது வராத ஆண்டுகளில் அடியில் பிராணவாயு தீர்ந்து, சேற்றில் கட்டுண்ட பாஸ்பேட் கரைந்து மேலே வந்து, கோடையில் நீலப்பச்சைப் பாசி பூக்கிறது.

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் பாம்பன். வேலூரில் நர்ஸாக இருக்கிறேன். வாடைக் காலத்தில் வடகடல் தண்ணீர் தென்கடலுக்கு ஓடும், கச்சான் காலத்தில் திரும்பும் என்று அப்பா சொல்வார். நீங்கள் சொல்லும் மேல் ஓட்டம், அடி ஓட்டம் எங்கள் பாக் நீரிணையிலும் இருக்கிறதா?
- வேலூர் வாசகி

பதில்: அப்பா சொல்வது அப்படியே சரி அம்மா. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் தீவுக்கு வடக்கே இருக்கிற பாக் விரிகுடாவை வடகடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடா தென்கடல். நடுவில் மணல் திட்டுகளும் பாம்பன் கால்வாயும்.

அங்கே மேல், அடி என்று இரண்டு அடுக்கு நிற்பதற்கு இடமே இல்லை. பாக் விரிகுடாவின் பெரும் பகுதி 10, 12 மீட்டர் ஆழம்தான், திட்டுகளின் மேல் சில அடி. காற்று அடித்தால் தரை வரை புரண்டுவிடும். ஆகவே அடுக்குக்குப் பதிலாகப் பருவம். வாடையில், அதாவது வடகிழக்குப் பருவக்காற்றில், கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கிப் போகும்போது, ஆறுகளின் வெள்ளம் கலந்து உப்பு குறைந்த, வண்டல் நிறைந்த வங்கக்கடல் தண்ணீர் பாக் நீரிணைக்குள் நுழைந்து தென்கடலுக்குப் போகிறது. கச்சானில், அதாவது தென்மேற்குப் பருவத்தில், உப்பு கூடிய மன்னார் வளைகுடாத் தண்ணீர் வடக்கே ஏறுகிறது. ஜிப்ரால்டரில் ஒரே நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நடப்பது, உங்கள் ஊரில் ஆறு மாதம் இப்படி, ஆறு மாதம் அப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாக நடக்கிறது.

நம் பாலாறு வயலூர் அருகே கடலில் சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் போனால் அந்தத் தண்ணீரும் கரையோரமாகத் தெற்கே போகிற ஓட்டத்தில்தான் சேரும், உங்கள் ஊர்ப் பக்கம் போகிற ஓட்டம் அது. வேலூருக்கும் பாம்பனுக்கும் பஸ் மட்டும் அல்ல தொடர்பு.

ஆழமில்லாததால் பாக் விரிகுடாவில் வெளிச்சம் பல இடங்களில் தரையைத் தொடுகிறது, சத்தும் வெளிச்சமும் ஒரே இடத்தில் சேர்கின்றன. மேலே எவ்வளவோ கடல்களைப் பற்றிச் சொன்னேனே, அவற்றுக்குக் கிடைக்காத கொடுப்பினை இது. அதனால் அங்கே கடற்புல் மேய்ச்சல் நிலம் மாதிரி வளர்கிறது, அதை மேய்வதற்குக் கடற்பசு வருகிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் தமிழக அரசு கடற்பசுக் காப்பகமாக அறிவித்ததும் இதனால்தான். தரையை வலை வாரிக்கொண்டு போனால், அல்லது வண்டல் அளவுக்கு மீறிக் கலங்கி வெளிச்சத்தை மறைத்தால், முதலில் போவது அந்தப் புல்.

உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் நிதானமாக உட்கார்ந்து கேளுங்கள்: நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்த மாதத்தில், எந்தக் காற்றுக்குப் பிறகு திரும்பத் தொடங்கும், திரும்புவதற்கு முன்னால் தண்ணீரின் நிறத்தில் என்ன தெரியும், அந்த நாட்களில் எந்த மீன் வரும், எது போகும், ஒவ்வொன்றுக்கும் அவர் என்ன பெயர் சொல்கிறார். இஸ்தான்புல் மீனவர்கள் சொன்னதை மார்சிலி எழுதி வைத்தார். அப்பா சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி அனுப்புங்கள், ஒரு எழுத்துகூட மாற்றாமல் இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.